கையை ஊணாம எந்திரிக்க முடியுதா?

இந்தத் தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது, வயசானப்புறம் அடுத்தவங்க கையை எதிர்பார்க்காம நம்ம வேலைய நாமளே பாத்துக்கிட்டு இருக்கறது எப்படின்னு. அதனால பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால ஊரும் வயசும் மட்டும் போட்டிருக்கோம்.

கும்பகோணம் வாசகி, 67: மேடம், தினமும் காலைல மகாமகக் குளத்தைச் சுத்தி முக்கா மணி நேரம் வாக்கிங் போறேன். சுகர், பிபி ரெண்டும் கட்டுக்குள்ள இருக்கு. போன மாசம் ஒரு சீமந்தத்துல கீழ பாய் போட்டு பந்தி, உக்காந்து சாப்ட்டுட்டேன், ஆனா எந்திரிக்க முடியல. ரெண்டு பொண்ணுங்க கையப் புடிச்சு தூக்கி விட்டாங்க, வெக்கமா போச்சு. இவ்ளோ நடந்தும் ஏன் இப்படி?

நடக்கறத விட்டுடாதீங்கம்மா, அது உங்க இதயத்துக்கும் சுகருக்கும் பாத்துக்கிட்டு இருக்கற வேலை பெருசு. ஆனா கீழேந்து எந்திரிக்கறது வேற கணக்கு. சமதளத்துல நடக்கும்போது தொடையும் பின்பக்க சதையும் தன்னோட பலத்துல கொஞ்சத்தத்தான் செலவு பண்ணும், நம்ம டெல்டா வேற மேடு பள்ளமே இல்லாத ஊரு, எவ்ளோ தூரம் நடந்தாலும் ஒரு ஏத்தம் வராது. கீழேந்து எந்திரிக்கறப்போ மொத்த ஒடம்பையும் அந்த ரெண்டு தொடைதான் தூக்கணும். முப்பது வயசு தாண்டினதுமே பத்து வருஷத்துக்கு 3லேந்து 8 சதவீதம் வரைக்கும் சதை கரைய ஆரம்பிச்சிடும், அறுபதுக்கு மேல இன்னும் வேகம், அதுலயும் சதை கரையறத விட பலம் சீக்கிரமா போகும். அதனாலதான் பாக்க அப்படியே இருக்கறவங்க கூட ஒருநாள் பந்தியில மாட்டிக்கறாங்க.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதுல 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மூணு விஷயம் இருக்கு. வாரத்துக்கு 150லேந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, வாரத்துல ரெண்டு நாளாவது சதைக்கு பலம் குடுக்கற பயிற்சி, மூணு நாளாவது நிலை தடுமாறாம நிக்கறதுக்கான பயிற்சி. நம்ம ஊர்ல டாக்டருங்க உட்பட எல்லாரும் முதலாவத மட்டும் புடிச்சுக்கிட்டு "நல்லா நடங்க"ன்னு அனுப்பிடறாங்க. எனக்கு இதுல கொஞ்சம் கோவமே உண்டு.

வீட்டுலயே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலிய செவத்த ஒட்டிப் போடுங்க (பிளாஸ்டிக் சேர் வேணாம், டைல்ஸ் தரையில காலு விரிஞ்சு வழுக்கிடும்), ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்கா கட்டிக்கிட்டு 30 செகண்டுல எத்தன தடவ முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணுங்க, பக்கத்துல ஒரு ஆளு இருக்கட்டும். அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி வச்சிருக்கற கணக்குல 65லேந்து 69 வயசு பொம்பளைங்களுக்கு 11, ஆம்பளைங்களுக்கு 12, அதுக்குக் கீழ இருந்தா சராசரிக்குக் கம்மி, விழறதுக்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். அது அந்த ஊரு ஆளுங்கள வச்சுப் போட்ட கணக்கு, நமக்கு அச்சா பொருந்தணும்னு இல்ல, ஆனா நீங்க நாலு அஞ்சுல நின்னுட்டீங்கன்னா எந்த ஊரு கணக்குலயும் அது கம்மிதான்.

அந்த டெஸ்டேதான் மருந்தும். ஒருநாள் விட்டு ஒருநாள், எட்டுலேந்து பத்து தடவ எந்திரிச்சு உக்காருங்க, ரெண்டு நிமிஷம் ஆறுங்க, மறுபடி ஒரு சுத்து. உக்காரும்போது தொப்புன்னு விழாம மெதுவா எறங்குங்க, அங்கதான் பாதி பலன். ஆரம்பத்துல முடியலன்னா ரெண்டு போர்வைய மடிச்சுப் போட்டு உயரத்த ஏத்திக்கங்க, வாரா வாரம் ஒரு மடிப்பு எடுங்க. மூச்ச தம் கட்டாதீங்க, பிபி ஏறும், எந்திரிக்கும்போது மூச்ச விடுங்க. சமையல் மேடையப் புடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கறது, பால் பொங்கற வரைக்கும் ஒத்தக் கால்ல நிக்கறது, இதுக்கெல்லாம் தனியா நேரமே வேணாம். அடுப்புப் பக்கம் புடவ தலைப்பு மட்டும் ஜாக்கிரதை.

கீழேந்து எந்திரிக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, அதையும் கத்துக்கங்க. சம்மணத்துலேந்து நேரா மேல வர முயற்சி பண்ணாதீங்க. ஒரு பக்கமா சாஞ்சு ரெண்டு கையையும் தரையில ஊணி மண்டி போடுங்க, அப்பறம் பலமான கால முன்னாடி வச்சு பாதம் தரையில படட்டும், கட்டிலோ ஸ்டூலோ எதையாவது ஒரு கையால அழுத்திக்கிட்டு அந்தக் கால அழுத்தி மேல வாங்க. தினமும் ஒரு தடவ, கட்டில் பக்கத்துல.

திருவையாறு பக்கத்து கிராமத்து வாசகர், 73: அம்மா, நான் அம்பது வருஷம் வயல்ல கெடந்தவன். அண்டை வெட்டி, நாத்துக்கட்டு சொமந்து, நெல்லு மூட்ட தூக்கி எல்லாம் பாத்தாச்சு. இப்ப நெலத்த குத்தகைக்கு விட்டுட்டோம். எம் பையன் "சும்மா உக்காருங்கப்பா"ங்கறான். அன்னிக்கு செஞ்ச வேலை ஆயுசுக்கும் பத்தாதா? நான் எதுக்கு எக்சர்சைஸ் பண்ணணும்?

ஐயா, போன வருஷம் ஆத்துல வந்த தண்ணிய வச்சுக்கிட்டு இந்த வருஷம் குறுவை நட முடியுமா? ஒடம்பு பலமும் அப்படித்தான், அப்பப்ப வரணும். உழைச்ச ஒடம்புங்கறதால உங்களுக்கு ஆரம்ப இருப்பு கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனா திண்ணையில உக்காந்தா அது கரையறத யாரும் நிறுத்த முடியாது. காச்சல்ல பத்து நாள் படுத்து எந்திரிச்சவங்கள பாத்திருப்பீங்க, வயசானவங்களுக்கு அந்த பத்து நாள்லயே காலு சூம்பிப் போயிடும்.

உங்களுக்கு ஜிம்மு வேணாம். வரப்பு இருக்கே. குத்தகைக்கு விட்டாலும் காலைல போய் ஒரு சுத்து வரப்புல நடந்துட்டு வாங்க, ஒரு அடி அகலத்துல மேடும் பள்ளமுமா நடக்கறதுக்கு நான் ஆஸ்பத்திரியில கோடு போட்டு சொல்லிக் குடுக்கற பயிற்சியெல்லாம் கிட்டவே வராது. ஐப்பசி கார்த்திகையில சேறா இருக்கும், அப்ப வேணாம், ரோட்டுல நடங்க. விடியறதுக்கு முன்னாடி இருட்டுல போகாதீங்க, பூச்சி பொட்டு இருக்கும், டார்ச்சு கையில இருக்கட்டும். அப்பறம் ரெண்டு கையிலயும் சம எடையில பை தூக்கிட்டு நடக்கறது, தேங்கா மட்டை உரிக்கறது, கொல்லையில கொத்தறது, இதெல்லாம் நீங்களே பாருங்க. பையன் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, அப்பாவ உக்கார வச்சுப் பாத்துக்கறது பாசம்தான், அதுக்கு ஆகற செலவு அப்பாவோட காலுன்னு அவருக்கு யாராவது சொல்லணும்ல.

நாகப்பட்டினம் வாசகி, 64: முட்டி வலிக்கு காலைல வெறும் வயித்துல வெண்டக்கா ஊறுன தண்ணி குடிச்சா முட்டிக்குள்ள பசை ஊறும்னு வாட்சப்புல வந்துச்சு, உண்மையா?

இல்ல. வெண்டக்காய சமைச்சு சாப்பிடுங்க, நல்ல காய்.

திருவிடைமருதூர் வாசகர், 70: கிருத்திகை தவறாம சுவாமிமலை போறவன் நான். ரெண்டு வருஷமா முட்டி வலி, எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னாங்க. படி ஏறாதீங்க, கீழ உக்காராதீங்க, கனம் தூக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. இப்ப கீழ மீனாட்சி சுந்தரேஸ்வரரை மட்டும் கும்பிட்டுட்டு திரும்பிடறேன். மேல போகவே முடியாதா?

சுவாமிமலையில 60 படி, பிரபவலேந்து அட்சய வரைக்கும் தமிழ் வருஷத்துக்கு ஒண்ணா. முறையா தயார் பண்ணிக்கிட்டா அது உங்களால ஏறக்கூடிய உயரம்தான்னு நினைக்கறேன், நேர்ல பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன்.

எக்ஸ்ரேயும் வலியும் எப்பவும் ஒத்துப் போகறதில்ல. படத்துல முட்டி மோசமா தெரியறவங்க ஓடி ஆடிக்கிட்டு இருப்பாங்க, படத்துல லேசா தெரியறவங்க துடிப்பாங்க. முட்டி தேய்மானத்துக்கு உலகம் பூரா முதல் சிகிச்சைன்னு சொல்றதே பயிற்சியும் எடை குறைக்கறதும்தான், மாத்திரையும் ஊசியும் அதுக்கப்பறம்தான். தொடை முன்பக்க சதை பலமா இருந்தா முட்டிக்குப் போற அதிர்ச்சிய அது வாங்கிக்கும், வலிக்குதுன்னு உக்காந்துட்டா அந்த சதை கரையும், கரைஞ்சா இன்னும் வலிக்கும், இந்தச் சுழல்ல மாட்டிக்கிட்டுத்தான் நிறைய பேர் வீட்டோட முடங்கிட்டாங்க. எடைய பொறுத்தவரைக்கும், ஒடம்புல ஒரு கிலோ கொறஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ கிட்ட கொறையுது, அஞ்சு கிலோ கொறைச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்.

நாற்காலில உக்காந்து ஒரு கால நேரா நீட்டி, பாதத்த மேல மடக்கி, அஞ்சு எண்ணற வரைக்கும் தொடைய இறுக்கிப் புடிச்சு மெதுவா எறக்குங்க, ஒவ்வொரு காலுக்கும் பத்து. இது ரெண்டு வாரம் ஆனதும் வீட்டு வாசப்படியில, நிலையப் புடிச்சுக்கிட்டு, ஒரே படி ஏறி ஏறி இறங்குங்க. ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது நோவுற கால் முன்னாடி, இத மட்டும் மனசுல போட்டுக்கங்க. பயிற்சி பண்றப்போ லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைலயும் அந்த வலி கூடுதலா இருந்தா அளவக் கொறைங்க. கைத்தடி வச்சிருந்தா நோவுற காலுக்கு எதிர்ப்பக்க கையில புடிக்கணும், நம்ம ஊர்ல நிறைய பேரு தப்பான கையிலதான் புடிக்கறாங்க. நிமிந்து நின்னு கைய தொங்கப் போட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க வருதோ அதுதான் தடியோட உயரம், தாத்தா வச்சிருந்த தடியெல்லாம் அப்படியே எடுத்துக்கக் கூடாது, அளந்து வெட்டுங்க.

அப்பறம் சுவாமிமலை. மொதல் தடவ பத்துப் படி, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு, திரும்பிடுங்க. அடுத்த கிருத்திகைக்கு இருபது. நீங்க பொறந்த வருஷத்துப் படி வந்தா அங்க நின்னு மூச்சு வாங்கிக்கங்க. முட்டி செவந்து சூடா வீங்கினாலோ, காச்சலோட வலிச்சாலோ, நடுவுல மாட்டிக்கிட்டு நீட்ட மடக்க முடியாம போனாலோ இதெல்லாத்தையும் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும்.

நன்னிலம் வாசகி, 71: பல்லு நாலுதான் இருக்கு. காலைல ரெண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, கொழம்பு, ரசம், மோரு, ராத்திரி மறுபடி ரெண்டு இட்லி. எடை 52 கிலோ. வயசானா கம்மியா சாப்பிடணும்னு சொல்றாங்க, ஆனா ஒடம்புல தெம்பே இல்ல.

தெம்பு எங்கேந்து வரும் சொல்லுங்க. நீங்க எழுதியிருக்கற சாப்பாட்ட கூட்டிப் பாத்தா புரதம் நாள் முழுக்க 30 கிராம் கிட்டதான் நிக்குது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020ல சொன்ன அளவே எடையில கிலோவுக்கு 0.83 கிராம், வயசானவங்களுக்கு கிலோவுக்கு 1லேந்து 1.2 கிராம் வரைக்கும் வேணும்னு முதியோர் உணவு பத்தி ஆராயறவங்க சொல்றாங்க, அப்ப உங்களுக்கு 52லேந்து 62 கிராம். வயசானா சோத்தத்தான் கொறைக்கணும், பருப்பையும் முட்டையையும் இல்ல. இதை நம்ம ஊர்ல தலைகீழா செய்யறோம்.

ரெண்டு வேகவச்ச முட்டை 12 கிராம். ஒரு டம்ளர் பாலோ தயிரோ 200 மில்லி அளவுக்கு 6 கிராம், ரெண்டு டம்ளர்னா 12. ஒரு கைப்பிடி பச்சப்பயறு, பச்சையா 30 கிராம் இருக்கும், அதுல 7 கிராம். மீன் சாப்பிடறவங்கன்னா 100 கிராம் மீன்ல 18, 20 கிராம் வரும், முள்ளு எடுத்து கொழம்புல வெந்த மீனுக்கு பல்லே வேணாம். சைவம்னா உளுந்தங்கஞ்சி, பாசிப்பருப்பு குழைய வேகவச்சு நெய் விட்டு, பயத்தங்கஞ்சி. சம்பா அறுக்கறதுக்கு முன்னாடியே ஈரத்துல தெளிக்கற உளுந்தும் பயறும் நம்ம வயல்லதான் வெளையுது, மூட்டையா கட்டி யாவாரிக்குப் போட்டுட்டு நாம ரசஞ்சோத்துல நாள ஓட்டறோம், என்ன சொல்றது.

ஒரே வேளையில மொத்தமா திணிக்காம மூணு வேளைக்கும் பிரிச்சுக்கங்க. கிட்னி பிரச்சினை இருக்கறவங்க மட்டும் டாக்டர கேக்காம புரதத்த ஏத்தக் கூடாது. அப்பறம் பல்லு செட்டு கட்டிக்கறத அழகுக்குன்னு நினைச்சு தள்ளிப் போடறீங்கன்னா, அது சாப்பாட்டுக்குதான், சீக்கிரம் கட்டிக்கங்க.

மன்னார்குடி வாசகி, 66: எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகி பத்து வருஷம் ஆச்சு. தண்ணி வேணும்னாலும் நான்தான், ஃபேன் சுவிட்ச் போடவும் நான்தான், கண்ணாடி எங்கன்னாலும் நான்தான். அவருக்கு பயிற்சி ஏதாவது சொல்லுங்க மேடம்.

அவருக்கு பயிற்சி இருக்கு, அது உங்க கையில இருக்கு. தண்ணி கொண்டு போறத நிறுத்துங்க. சொம்பு அடுக்களையிலயே இருக்கட்டும், கண்ணாடி அலமாரியில, பேப்பர் வாசல்ல. ஒரு நாளைக்கு இருபது தடவ எந்திரிக்க வேண்டியவர நீங்க பாசத்தால உக்கார வச்சிருக்கீங்க, உங்க முட்டி அதுக்கு விலை குடுக்குது.

இன்னொன்னு, கொஞ்சம் கறாரா சொல்றேன். தன் கையால ஒரு காபி, ஒரு சாதம், ஒரு ரசம் வைக்கத் தெரியாத ஆம்பள எவ்ளோ திடமா இருந்தாலும் தனிச்சு வாழறவர்னு நான் ஒத்துக்க மாட்டேன். மனைவி நாலு நாள் மக வீட்டுக்குப் போனா ஓட்டல்ல பார்சல், இல்லன்னா பட்டினி. அதே மாதிரி பேங்க், ஏடிஎம், கரண்ட் பில்லு எதுவும் தெரியாத பொம்பளைங்களும் இருக்காங்க. அவர் ரசம் கத்துக்கட்டும், நீங்க ஏடிஎம் கத்துக்கங்க, ஒரே வாரத்துல ஆரம்பிங்க.

மயிலாடுதுறை பூர்வீகம், சென்னையில இருந்து ஒரு மகள், 49: அம்மாவுக்கு 78. அப்பா போனப்புறம் பழைய ஓட்டு வீட்டுல தனியாதான் இருக்காங்க. போன கார்த்திகையில ராத்திரி கொல்லைப் பக்கம் பாத்ரூம் போறப்போ விழுந்துட்டாங்க. எலும்பு உடையல, ஆனா அதுலேந்து பயம், வாசலுக்கே வர மாட்டேங்கறாங்க. இங்க அபார்ட்மெண்டுக்கு கூட்டிட்டு வந்துடலாம்னா வரமாட்டேன்னு அழறாங்க. என்ன பண்றது?

மொதல்ல ஏன் விழுந்தாங்கன்னு கண்டுபிடிக்கணும். எங்க கால வச்சாங்க, தலை சுத்துச்சா, தடுக்குச்சா, வழுக்குச்சா, லைட்டு இருந்துச்சா, ஒவ்வொண்ணா உக்காந்து கேளுங்க, "வயசாச்சு விழுந்துட்டேன்"னு சொல்வாங்க, அத பதிலா எடுத்துக்காதீங்க.

தலை சுத்துச்சுன்னா படுத்திருக்கும்போது ஒரு தடவ, எந்திரிச்சு நின்னு மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு தடவ பிபி பாக்கச் சொல்லுங்க. மேல அளவு 20, இல்ல கீழ அளவு 10 எறங்குச்சுன்னா படுக்கையிலேந்து சடக்குன்னு எந்திரிச்சது விழுந்ததுக்குக் காரணமா இருக்கலாம், பிபி மாத்திரை அளவ மாத்தணுமான்னு டாக்டர் பாக்கணும். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் போடற சில தூக்கம் வர்ற மாத்திரை, ஆம்பளைங்களுக்கு யூரின் பிரச்சினைக்கு குடுக்கற சில மாத்திரை, இதெல்லாம் தடுமாற வைக்கும். அம்மா சாப்பிடற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் ஒரே டாக்டர்கிட்ட காட்டுங்க, நாட்டு மருந்து உட்பட. கண்ணுல புரை இருக்கான்னு பாருங்க, நம்ம பக்கம் பொரை முத்தட்டும்னு தள்ளிப் போடற பழக்கம் இன்னும் போகல. படுக்கையிலேந்து எந்திரிக்கும்போது கட்டில் ஓரத்துல உக்காந்து கால ஆட்டிட்டு இருபது எண்ணிட்டு நிக்கச் சொல்லுங்க.

வீட்டப் பொறுத்தவரைக்கும், நம்ம பழைய வீடுங்க வெயிலுக்கும் காத்துக்கும் கட்டினது, முட்டிக்கு கட்டினதில்ல. ரேழியில ஒரு படி, முத்தத்துல ஒரு எறக்கம், அடுக்களைக்கு ஒரு நிலை, கொல்லைக்கு ரெண்டு படி, ஒவ்வொண்ணும் வேற வேற உயரம். படி விளிம்புல எல்லாம் பளிச்சுன்னு மஞ்சளோ வெள்ளையோ பெயிண்ட் ஒரு கோடு அடிங்க. கொல்லைப் படிக்கும் பாத்ரூமுக்கும் செவத்துல இரும்புக் கம்பி கைப்பிடி, கொத்தனார வச்சு நல்லா ஊணி, துண்டு போடற கம்பிய புடிச்சு எந்திரிக்க விடாதீங்க, பிடுங்கிட்டு வந்துடும். படுக்கையிலேந்து கொல்லை வரைக்கும் ராத்திரி பூரா எரியற சின்ன எல்இடி பல்பு, கரண்ட் போனா தலைமாட்டுல டார்ச்சு. மழைக்காலத்துல முத்தத்துலயும் கிணத்தடியிலயும் பாசி புடிக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டு தேய்ச்சுக் கழுவ ஆள் வச்சுக்கங்க. கால் மிதியடி சுருண்டு கெடக்கறது, அறுந்து போன ரப்பர் செருப்பு, இதெல்லாம் தூக்கிப் போடுங்க. பாத்ரூம் உள் தாழ்ப்பாள கழட்டிடுங்க, விழுந்தா யாராலயும் உள்ள போக முடியாது. குத்த வச்சு உக்கார்ற கக்கூஸ் இருந்தா வெஸ்டர்ன் மாத்திக்கலாம், முடிஞ்சா ராத்திரிக்கு ஒண்ணு வீட்டுக்குள்ளயே.

விழுந்தா என்ன பண்ணணும்னும் அம்மாவுக்கு சொல்லிக் குடுங்க. ஒடனே எந்திரிக்கக் கூடாது, ஒரு நிமிஷம் கெடந்து கை கால் அசையுதான்னு பாக்கணும். இடுப்புல இல்ல தொடையில பயங்கர வலி, ஒரு கால் குட்டையா திரும்பிக் கெடக்குதுன்னா அசையவே கூடாது, 108க்குத்தான் போன். சாதாரணமா இருந்தா பக்கமா திரும்பி, மண்டி போட்டு, தவழ்ந்து கட்டில் கிட்ட போய், மேல கும்பகோணம் அம்மாவுக்கு சொன்ன அதே முறையில எந்திரிக்கலாம். போன் மேசையில இருந்தா பிரயோசனமில்ல, சுருக்குப் பையில போட்டு இடுப்புல சொருகிக்கட்டும். சாவி ஒண்ணு பக்கத்து வீட்டுல.

அந்த பயம் இருக்கே, அதத்தான் நான் விழுந்ததவிட பெருசா நினைக்கறேன். பயத்துல நடக்காம இருந்தா காலு இன்னும் பலமிழக்கும், அடுத்த தடவ நிஜமாவே எலும்பு உடையற மாதிரி விழுவாங்க. அதனால முதல் வாரம் நீங்களோ வேற யாரோ கையப் புடிச்சு வாசல் வரைக்கும், அடுத்த வாரம் தெரு முக்கு வரைக்கும், அப்பறம் அவங்க வழக்கமா போற கோயில் வரைக்கும். வாசல்ல கோலம் போடறத யாரும் வாங்கிப் போட விடாதீங்க, குனிய முடியலன்னா சின்னக் கோலமா போடட்டும்.

சென்னைக்கு கூட்டிட்டுப் போறதப் பத்தி என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, இப்போதைக்கு வேணாம். அபார்ட்மெண்ட்ல வழுக்காத தரை இருக்கும், லிஃப்ட் இருக்கும், ஆனா காலைல எந்திரிச்சா போக ஒரு இடம், பேச ஒரு ஆளு, செய்ய ஒரு வேலை இல்லாம ஒரு ரூமுக்குள்ள டிவி முன்னாடி உக்கார வச்சா அவங்க விழாம இருப்பாங்க, நடக்காமலும் போயிடுவாங்க. புத்தி தடுமாறுது, மாத்திரை மறந்து மறந்து போடறாங்க, அடுப்ப அணைக்க மறக்கறாங்கன்னா அப்ப வேற பேச்சு. அதுவரைக்கும் ஒரு ஆள் காலைலயும் சாயங்காலமும் வந்து பாத்துட்டுப் போற ஏற்பாடு போதும்.

தஞ்சாவூர் வாசகர், 69: பெரிய கோயில் உள்ளயே நடக்கலாமா, ரோட்டுல வண்டி தொல்லை. எனக்கு பன்னெண்டு வருஷமா சுகர்.

தாராளமா. வெளிப் பிராகாரம் நீளம் 240 மீட்டர், அகலம் 120 மீட்டர் கிட்ட வருது, ஓரமா ஒரு சுத்து வந்தா 700 மீட்டர், மூணு சுத்துல ரெண்டு கிலோமீட்டர் தாண்டிடும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். ஆனா உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரொம்ப வருஷம் சுகர் இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி மங்கிப் போயிருக்கும், உச்சி வெயில்ல காஞ்ச கருங்கல்லுல வெறுங்காலோட நடந்து கால் கொப்பளிச்சதே தெரியாம வீட்டுக்கு வந்து, புண்ணு பெருசானப்புறம் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க இருக்காங்க. காலைல நடை தெறந்ததும் இல்லன்னா சாயங்காலம் கல்லு ஆறுனப்புறம்தான். வீட்டுக்கு வந்ததும் பாதத்த கண்ணாடியில பாருங்க, விரல் இடுக்கு உட்பட. பையில கொஞ்சம் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும், சுகர் எறங்குனா வேணும். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ ஏறற வலி, அளவுக்கு மீறுன மூச்சு வாங்கல் வந்தா அந்த எடத்துலயே உக்காந்துடுங்க, சுத்த முடிச்சுட்டுப் போலாம்னு நினைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குத்தான்.

தரங்கம்பாடி வாசகர், 81: போன மாசம் திருக்கடையூர்ல சதாபிஷேகம் நடந்துச்சு. மனையில உக்காந்தவன எந்திரிக்க வைக்க நாலு பேரு. இனிமே பயிற்சி எல்லாம் பண்ணி என்ன ஆகப் போகுது?

1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 86லேந்து 96 வயசு வரைக்கும் உள்ள பத்து பேர, எல்லாருமே தளர்ந்து போனவங்க, எட்டு வாரம் காலுக்கு எடை வச்சு பயிற்சி குடுத்துப் பாத்தாங்க. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. பயிற்சிய நிறுத்தினதும் நாலே வாரத்துல கணிசமா எறங்கவும் செஞ்சுது, அதையும் சொல்லிடறேன். அவங்கள விட நீங்க சின்னப் பையன். ஆனா அங்க பக்கத்துலயே ஆளுங்க நின்னு கவனிச்சாங்க, அதனால நீங்களும் தனியா ஆரம்பிக்காம இதயத்த ஒரு தடவ பாத்துட்டு பிசியோதெரபிஸ்ட் கிட்ட ஆரம்பிங்க. போக முடியலன்னா உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்தி கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிபி, சுகர் மாத்திரையோட தேவைப்படறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் குடுக்கறாங்க. முதியோருக்குன்னு 14567 ஒரு இலவச உதவி எண்ணும் இருக்கு, சந்தேகம்னா அதுல கேக்கலாம்.

பட்டுக்கோட்டை வாசகர், 69: இன்னும் சைக்கிள்தான் ஓட்டறேன். விழுந்துடுவீங்கன்னு பசங்க பூட்டி வச்சுட்டாங்க. யாரு சொல்றது சரி?

கண்ணும் காதும் நல்லா இருந்து, தலை சுத்தல் இல்லாம, நாற்காலிலேந்து கைய ஊணாம எந்திரிக்க முடியுதுன்னா பூட்டத் தெறக்கச் சொல்லுங்க. முட்டிக்கு சைக்கிள் ரொம்ப நல்லது, பாரம் சீட்டுல போயிடுது. பெரும்பாலும் விழறது ஏறும்போதும் எறங்கும்போதும்தான், கால சுழட்டிப் போட்டு ஏறறத விட்டுட்டு பார் இல்லாத லேடீஸ் சைக்கிளா மாத்திக்கங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. உக்காந்த மேனிக்கு ரெண்டு பாதமும் தரையில படற மாதிரி சீட்ட எறக்குங்க. பைபாஸ் பக்கம் போகாதீங்க, இருட்டுனப்புறம் எடுக்காதீங்க. எலும்புக்கு சைக்கிள் பத்தாது, அதுக்கு ஒடம்பு பாரம் கால்ல எறங்கணும், அதனால சைக்கிள்ல போற எடத்துல பாதிக்காவது நடந்து போங்க, மாசம் ஒரு தடவ பிரேக் கட்டைய கடையில காட்டுங்க.